மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள்: மருந்தில்லாமல் எவ்வளவு தணியும்?

மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில் பல பெண்களுக்கு உடலும் மனமும் சேர்ந்தே தடுமாறுகின்றன. மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பும், கை கால் வீங்கினாற்போல் இருக்கும், தலை வலிக்கும். அற்ப விஷயத்துக்கு எரிச்சல் பொங்கும், காரணமில்லாமல் அழுகை வரும், தூக்கம் கெடும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் இவை தாமாகவே விலகும். அடுத்த மாதம் மறுபடி வரும். மருத்துவத்தில் இந்தத் தொகுப்புக்கு பி.எம்.எஸ். (பிரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்) என்று பெயர். 1931-ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இதை முதலில் விவரித்தார். 1953-ல் இங்கிலாந்தின் ரேமண்ட் கிரீனும் கேத்தரினா டால்டனும் இப்போதைய பெயரில் எழுதினார்கள். இந்தியாவில் நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான கணிப்பு, நூற்றுக்கு 43 பெண்களுக்கு இது இருப்பதாகவும், வளரிளம் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருப்பதாகவும் சொல்கிறது. இத்தகைய ஆய்வுகளில் பல ஒரே ஒரு முறை கேட்ட கேள்வித்தாளை நம்பியவை; ஆகவே உண்மை எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும், ஒரு பள்ளியின் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தெருவின் பல வீடுகளிலும் இது இருக்கிறது என்றாகிறது.

'ஹார்மோன் கூடிவிட்டது' என்றோ 'குறைந்துவிட்டது' என்றோ இதற்கு விளக்கம் சொல்லும் பழக்கம் உண்டு. அது சரியல்ல என்று 1998-ல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர், பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்குச் சினைப்பையின் இயக்கத்தைத் தற்காலிகமாக அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். பலருக்குத் தொல்லை நின்றது. பிறகு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் இயல்பான அளவில் திரும்பக் கொடுத்தபோது அவர்களுக்குத் தொல்லை மீண்டது. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கு இதையே செய்தபோது ஒன்றும் நேரவில்லை. அதாவது, எல்லாப் பெண்களுக்கும் மாதந்தோறும் நிகழும் இயல்பான ஏற்ற இறக்கத்தைச் சிலரின் மூளை கூர்மையாக உணர்கிறது. புரோஜெஸ்டிரோன் சிதைவதால் உண்டாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' ஏற்பிகளில் வேலை செய்வதும், செரடோனின் அளவின் மாற்றமும் இதில் பங்கு பெறுகின்றன. 'வேணும்னே பண்றா', 'திமிரு' என்று வீடுகளில் சொல்லப்படும் பழிக்கு இந்த ஆய்வு ஒன்றே பதிலாகும்.

மருந்தில்லா வழிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், இருப்பது பி.எம்.எஸ். தானா என்று தெரிய வேண்டும். இதற்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு அன்றன்றே குறித்துவைக்கும் நாட்குறிப்புதான் பரிசோதனை. ஒரு நோட்டிலோ காலண்டரிலோ ஒவ்வொரு இரவும் எரிச்சல், சோர்வு, வீக்கம், வலி, தூக்கம் ஆகியவற்றுக்குச் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டால் போதும். மாதவிடாய்க்கு முந்தைய ஐந்து நாட்களில் தொல்லை ஏறி, தொடங்கிய நான்கு நாட்களுக்குள் இறங்கி, குறைந்தது பதின்மூன்றாம் நாள் வரை திரும்பாதிருந்தால் அது பி.எம்.எஸ். மாதம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இது முக்கியம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தைராய்டு குறையும் மனச்சோர்வும் சேர்ந்தால், மாதம் முழுவதும் நீடிக்கும் அசதியை எளிதில் 'பீரியட்ஸ் பிரச்சினை' என்று தள்ளிவிடலாம். பல ஆண்டுகளுக்கு முந்தைய நினைவைக் கேட்டு எழுதும் குறிப்பைவிட இந்த எளிய நோட்டு நம்பத்தக்கது.

நாட்குறிப்பு வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பி.எம்.எஸ். ஆய்வுகளில் சத்து எதுவும் இல்லாத போலி மாத்திரை வாங்கியவர்களிலேயே பலருக்குத் தொல்லை குறைகிறது. கவனிப்பு கிடைத்ததால் வந்த ஆறுதலும், ஒரு மாதம் அதிகமாகவும் அடுத்த மாதம் குறைவாகவும் வரும் இயற்கையான ஏற்ற இறக்கமும் இதற்குக் காரணம். ஆகையால் 'சாப்பிட்டேன், சரியாயிற்று' என்ற ஒருவரின் அனுபவம் ஆய்வாகாது. ஒப்பிடும் குழு இருந்ததா, எத்தனை சுழற்சிகள் பார்த்தார்கள், எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்லும் ஆய்வு கால்சியத்தைப் பற்றியது. சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் தலைமையில் அமெரிக்காவின் 12 மையங்களில் நடந்து 1998-ல் வெளியான சோதனையில் 466 பெண்களின் தரவு ஆராயப்பட்டது. ஒரு குழுவுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம், மற்றொன்றுக்குப் போலி மாத்திரை. மூன்றாவது சுழற்சியில் கால்சியம் குழுவின் மொத்தத் தொல்லை 48 விழுக்காடு குறைந்தது. போலி மாத்திரைக் குழுவிலும் 30 விழுக்காடு குறைந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள 18 புள்ளிகள்தான் கால்சியத்தின் சொந்தப் பங்கு. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது; ஆனால் மலிவான, பாதுகாப்பான ஒன்றுக்கு இது மதிக்கத்தக்க பலன். முதல் மாதத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு 'ஒன்றும் கேட்கவில்லை' என்று விடுபவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், உணவில் கால்சியமும் வைட்டமின் டி-யும் மிகுதியாகப் பெற்றவர்களுக்கு பி.எம்.எஸ். உருவாகும் வாய்ப்பு குறைவாக இருந்ததாக எலிசபெத் பெர்ட்டோன்-ஜான்சன் குழுவினர் 2005-ல் எழுதினார்கள்.

அமெரிக்கக் கணக்கு அரக்கோணம் போன்ற நம் சிறு நகரங்களுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அரைப் பதில் பக்கத்திலேயே கிடைக்கிறது. அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாகப் போகும் ரயில் பாதையில் உள்ளது திருப்பதி. அங்குள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சி.வி. ஹரிநாராயணின் குழு, தென்னிந்திய நகரத்தாரையும் கிராமத்தாரையும் ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இரு தரப்பினருமே பரிந்துரைத்த அளவைவிடக் குறைவாகவே கால்சியம் உண்டார்கள். தானியங்களில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கிடைத்த கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் தடுத்தது. வெயில் கொளுத்தும் ஊராக இருந்தும் பெண்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி போதவில்லை. வயலில் வேலை செய்யும் கிராமத்தார் நிலை நகரத்தாரைவிடச் சற்று மேல். இந்த ஆய்வு எலும்பைப் பற்றியது, மாதவிடாயைப் பற்றியது அல்ல. ஆயினும் கால்சியம் குறைந்த உணவை உண்ணும் ஊர்களில்தான் கால்சியத்தின் பலனை முறையாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

வயது வந்த பெண்ணுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது 2020-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350. அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு ஆகியவையும் கால்சியம் மிகுந்தவை. வட ஆர்க்காட்டு வீடுகளில் தலைமுறைகளாக உண்ட கேழ்வரகுக் களியும் கூழும் இந்த வகையில் மதிப்பு மிக்கவை. கூழை இரவெல்லாம் புளிக்கவைப்பதும் கேழ்வரகை முளைகட்டுவதும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. அதனால் அதே கேழ்வரகிலிருந்து உடலுக்குக் கூடுதல் கால்சியம் சேரும். அவசர அவசரமாகக் கரைத்துக் குடிக்கும் மாவுக்கு இந்தப் பலன் முழுதாக இராது. மாத்திரையாக எடுப்பவர்கள் ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பதில் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வைட்டமின் பி6 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 9 சோதனைகளையும் 940 பெண்களையும் தொகுத்து 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அலசல், நாளுக்கு 100 மில்லிகிராம் வரை பயன் தரக்கூடும் என்றது. ஆனால் அந்தச் சோதனைகளின் தரம் தாழ்ந்தது என்றும் சொன்னது. அளவு மீறி நீண்டநாள் எடுத்தால் கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு வரும். மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய பொருள் இது அல்ல. விளம்பரங்களில் அடிக்கடி வரும் 'ஈவனிங் பிரிம்ரோஸ்' எண்ணெய்க்கோ நல்ல சோதனைகளில் பலன் தெரியவில்லை. காபியை விடச் சொல்வதும் வழக்கம். ஆனால் அதே அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் காபிக்கும் பி.எம்.எஸ்.-க்கும் தொடர்பு தென்படவில்லை. தூக்கம் கெடுகிறவர்கள் மாலைக்குப் பின் அதைத் தவிர்ப்பது தனிக் காரணத்துக்காக நல்லது.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை 2020-ல் வந்த ஒரு தொகுப்பு 15 சோதனைகளையும் 717 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. உடல், மனத் தொல்லைகள் இரண்டுமே குறைந்தன. ஆனால் பயிற்சி செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரிந்தே இருப்பதால், போலி மாத்திரை போன்ற ஒப்பீடு இங்கே சாத்தியமில்லை, சோதனைகளும் சிறியவை. அதனால் 'பயன் இருக்கலாம்' என்ற அளவில் தொகுப்பாளர்கள் நின்றார்கள். சோதித்தவை பெரும்பாலும் மிதமான பயிற்சிகள்: வேக நடை, நீச்சல், இசையோடு செய்யும் ஏரோபிக்ஸ். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள், வாரத்துக்கு மூன்று முறை என்பது வழக்கமான ஏற்பாடு. தொல்லை வந்த நாளில் மட்டும் நடப்பதைவிட மாதம் முழுவதும் ஒழுங்காக நடப்பதைத்தான் இந்தச் சோதனைகள் அளந்திருக்கின்றன.

சொல்வது எளிது. அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு 70 கிலோமீட்டர். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, மின்ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்பும் பெண்ணிடம் 'வாரத்துக்கு மூன்று முறை அரைமணி நேரம்' என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆட்டோவுக்குப் பதில் வேகமாக நடந்து கடப்பதும், விடுமுறை நாளில் திருத்தணி மலையின் 365 படிகளை நிதானமாக ஏறி இறங்குவதும் உடற்பயிற்சியே. அதற்கு வீட்டார் சமையலில் ஒரு வேளையையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லையைத் தணிப்பதில் அதுவும் ஒரு பங்கு. தூக்கத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஓடும் உடலில் எரிச்சலும் சோர்வும் எந்த வாரத்திலும் கூடும்; மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இன்னும் கூடும்.

மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளுக்கு நல்ல ஆய்வு வரலாறு உண்டு. ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 1990-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு நாள்தோறும் இருமுறை அமைதியாக உட்கார்ந்து மூச்சோடு ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மனத்தில் சொன்னது. ஒரு குழு புத்தகம் படித்தது. மற்றொன்று தொல்லைகளைக் குறித்துவைத்தது மட்டும். தொல்லை கடுமையாக இருந்த பெண்களில் தளர்த்தும் பயிற்சிக் குழு 58 விழுக்காடு தேறியது, படித்த குழு 27, குறித்த குழு 17. பங்கேற்றவர்கள் ஐம்பதுக்கும் குறைவு என்றாலும் ஒப்பிடும் குழுக்களைச் சிந்தித்து அமைத்திருந்தார்கள் என்பதால் இது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தைவானில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 12 வாரம் யோகா கற்பித்து 2016-ல் வெளிவந்த ஆய்வில் வயிற்று உப்புசம், மார்பு வலி, வயிற்றுப் பிடிப்பு ஆகியவை குறைந்தன. ஆனால் யோகா செய்யாத குழு அதில் இல்லை. அதே ஆண்டு இந்தியாவில் மருத்துவ மாணவிகளிடம் யோகாவையும் கால்சியம் மாத்திரையையும் ஒப்பிட்டபோது இரண்டு குழுவினருக்கும் தொல்லை தணிந்தது. யோகாவின் பிறப்பிடம் என்று பெருமை கொள்ளும் நாட்டில் சில நூறு பெண்களைச் சேர்த்து ஆறு மாதமாவது நடத்தும் சோதனைகள் பெருக வேண்டும்.

மனத் தொல்லைகளுக்கு மருந்தில்லா வழிகளில் உறுதியான சான்று பெற்றது அறிதல்-நடத்தைச் சிகிச்சை. லண்டனில் மைரா ஹண்டர் குழுவினர் 2002-ல் வெளியிட்ட சோதனையில் கடுமையான தொல்லை உள்ள பெண்களுக்கு இந்தச் சிகிச்சையையும் மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்சிடின் மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்து ஒப்பிட்டார்கள். மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. ஆறு மாத முடிவில் இரண்டும் சமமாயின. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது சிகிச்சையின் பலன் நன்றாக நிலைத்திருந்தது. சிகிச்சை என்றால் படுக்கையில் படுத்துக் குழந்தைப் பருவத்தைப் பேசுவது என்று எண்ண வேண்டாம். 'நான் மோசமான அம்மா', 'என்னால் எதுவும் முடியாது' என்று அந்த நாட்களில் தலைதூக்கும் நினைப்பைப் பிடித்து எழுதி, அது எந்த அளவுக்கு உண்மை என்று ஆராய்வது. கடினமான வேலைகளை மாதத்தின் வேறு வாரத்துக்கு மாற்றுவது. வேண்டிய உதவியைச் சண்டையில்லாமல் கேட்கப் பழகுவது. பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் கற்றுக்கொள்ளக்கூடிய கைத்தொழில் போன்றது.

ஆஸ்திரேலியாவில் ஜேன் உஷரும் ஜேனெட் பெர்ஸும் 83 பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு நெருக்கமானது. ஒரு குழுவில் பெண் தனியாகச் சிகிச்சை பெற்றாள். ஒரு குழுவில் துணையும் கூட வந்தார். இரு குழுக்களுக்கும் தொல்லை குறைந்தது. துணையோடு வந்தவர்களின் உறவு கூடுதலாகச் சீர்ப்பட்டது. கணவரும் மாமியாரும் 'இது சில நாளில் தணியும், அதுவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று புரிந்துகொள்ளும் வீட்டில் பாதித் தொல்லை சண்டையாக மாறாமலே போகும்.

ஜெர்மனியில் 174 பெண்களிடம் இணையம் வழியாகவே இந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். உளவியலாளர் எளிதில் கிடைக்காத சிறு நகரங்களுக்கு இது நம்பிக்கை தரும் வழி. தமிழில் இப்படியொன்றை உருவாக்குவது கடினமான காரியமில்லை. அது உடனே நடக்க வேண்டிய வேலை.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர்கள் செவிலியர் கல்லூரி மாணவிகள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்ட முதுநிலைச் செவிலியர் ஆய்வேடுகளில் பி.எம்.எஸ். திரும்பத் திரும்ப வருகிறது: அக்குபிரஷர், யோகா, நறுமண எண்ணெய், உணவுப் பொருட்கள் எனப் பலவற்றைப் பள்ளி, கல்லூரி மாணவிகளிடம் சோதித்திருக்கிறார்கள். பி. பத்மாவதியும் உடன் ஆய்வாளர்களும் உடல், மனம், நடத்தை ஆகியவற்றைத் தழுவிய 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 2014-ல் வெளியிட்டார்கள். வளரிளம் பெண்களிடம் அக்குபிரஷரையும் ரிஃப்ளெக்ஸாலஜியையும் ஒப்பிட்ட முன்னோட்ட ஆய்வும் அவர்களுடையது. பல ஆய்வேடுகள் சில பத்து மாணவிகளை ஓரிரு மாதம் பார்த்ததோடு நிற்கின்றன. அவை முடிந்த முடிவாகா. ஆனால் நகரத்துக்கு வெளியே இருக்கும் பெண்களிடம் நேரில் போய்க் கேட்டவர்கள் இவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. அக்குபங்சரையும் அக்குபிரஷரையும் பற்றி உலகளவில் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018-ல் செய்த அலசலுக்கு 5 சோதனைகளும் 277 பெண்களும் மட்டுமே கிடைத்தார்கள். பலன் இருப்பதுபோல் தெரிகிறது, சான்று மெலிந்தது என்பதே அதன் முடிவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திக்கொள்வதில் செலவும் இல்லை, பெரிதாகத் தீங்கும் இல்லை. கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கலாம்.

மூலிகை 'மருந்தில்லா வழி' என்ற பட்டியலில் சேராது. அதுவும் உடலில் மருந்துபோலவே வேலை செய்கிறது. எனினும் ஓர் எச்சரிக்கைக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளின் 'வைடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸ்' என்ற செடியின் பழச் சாரத்தை 170 பெண்களிடம் ஜெர்மனியில் சோதித்து 2001-ல் வெளியிட்டபோது, அதை எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் தொல்லை பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வேலியோரம் வளரும் நம் நொச்சி அதே பேரினத்துச் செடி. அதனால் நொச்சி இலையைக் கஷாயமாக்கிக் குடித்தால் அதே பலன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. செடி வேறு, பயன்படும் பகுதி வேறு, அளவு வேறு. நொச்சியை இதற்காகத் தனியே சோதித்தால்தான் தெரியும்.

இங்கிலாந்தின் மகப்பேறு, மகளிர் மருத்துவக் கல்லூரி தன் வழிகாட்டியில் உடற்பயிற்சி, அறிதல்-நடத்தைச் சிகிச்சை, வைட்டமின் பி6 ஆகியவற்றை மாத்திரைகளோடு முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறது. அரக்கோணம் பெண்ணுக்கு இவை எங்கே கிடைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. தமிழ்நாடு அரசு 2011-12-ல் தொடங்கிய 'புது யுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாக சானிட்டரி நாப்கின் தருகிறது. நாட்டுக்கே முன்னுதாரணமான திட்டம். உதிரப்போக்கு நாட்களைக் கவனித்த அந்த அக்கறை அதற்கு முந்தைய நாட்களுக்கும் நீள வேண்டும். நாப்கின் பையோடு ஒரு மாதக் குறிப்பு அட்டையும், கிராம சுகாதார செவிலியருக்கு அதைப் படிக்கும் பயிற்சியும் சேர்ந்தாலே போதும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மருந்தில்லா வழிகளுக்கு எல்லை உண்டு. சில பெண்களுக்குத் தொல்லை மிகக் கடுமையாகி, வேலையையும் உறவையும் குலைத்து, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வரை இழுக்கும். இந்தக் கடுமையான வடிவத்தை 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாடு தனி நோயாக ஏற்றிருக்கிறது. இந்தியத் தொகுப்புக் கணிப்பின்படி நூற்றுக்கு 8 பேருக்கு அது இருக்கலாம். இவர்களைக் கேழ்வரகையும் நடையையும் நம்பிக் காத்திருக்கச் சொல்வது தவறு. செரடோனினை ஒழுங்குபடுத்தும் மாத்திரைகள் இவர்களில் பலருக்கு விரைவாகக் கேட்கின்றன. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே போதும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மகளிர் பிரிவிலோ இரண்டு மாதக் குறிப்பைக் காட்டிக் கேட்கலாம். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104 ஆகிய இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.